லைட் ஹவுஸ் கண்ணாடியும் ஒற்றை ஃபோட்டானும்

சென்ற மாதம் நம் ஊர்க் கடற்கரையில் இருக்கும் பழைய லைட் ஹவுஸ் பற்றி இங்கே எழுதியிருந்தேன். 1836-ல் முதன்முதலாக விளக்கு ஏற்றப்பட்ட கோபுரம் அது. பல நண்பர்கள் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பினீர்கள். ஒருவர் மட்டும் நினைவுக்குப் பதிலாகக் கேள்வி அனுப்பியிருந்தார். "பொதுவாக லைட் ஹவுஸ் விளக்கைச் சுற்றி ஒரு கண்ணாடி இருக்குமே, படிப்படியாக வெட்டினாற்போல, அதைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று.

பெயரைச் சொல்லி ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த மனிதரைப் பற்றி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு தனிப் பிரியம் உண்டு. தவிர, 1823-ல் அவர் லைட் ஹவுஸுக்காகச் செய்த அதே தந்திரத்தை, சரியாக 200 ஆண்டு கழித்து, 2023-ல் போலந்து நாட்டு விஞ்ஞானிகள் ஒளியின் மிகச் சிறிய துணுக்கான ஃபோட்டானுக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நடுவில் சிறிது இயற்பியல் வரும். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்த அளவுதான்.

அவர் பெயர் ஒகுஸ்தேன் ழான் ஃபிரெனெல். 1788-ல் நார்மண்டியில் பிறந்தவர். பெயரை ஆங்கிலம் படித்தவர்கள் 'ஃப்ரெஸ்னெல்' என்று சொல்வார்கள். எங்கள் வாத்தியார் காதில் அது விழுந்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார். எஸ் எழுத்து உண்டு, உச்சரிப்பு கிடையாது.

எட்டு வயது வரை அந்தப் பிள்ளைக்குச் சரியாக எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லையாம். பிறகு பாரிஸில் பெரிய படிப்பெல்லாம் படித்து அரசாங்கத்தின் 'போன் ஏ ஷொசே' துறையில் பொறியாளராகச் சேர்ந்தார். பாலங்கள், சாலைகள் போடுகிற துறை. நம் பொதுப்பணித் துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராக மாற்றல். சாலைக்கு மண் அளப்பது, மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டுவது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது. இதுதான் பிழைப்பு. ஒளி என்றால் என்ன என்ற ஆராய்ச்சியெல்லாம் ராத்திரியிலும் விடுப்பிலும்தான்.

1815-ல் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி மறுபடி பிரான்சுக்குள் நுழைந்தார். ஃபிரெனெல் மன்னர் கட்சி. உடம்புக்கு முடியாத அந்த மனிதர் நெப்போலியனை எதிர்த்துப் போராடக் கிளம்பிவிட்டார். பலன், வேலையிலிருந்து நீக்கம், போலீஸ் கண்காணிப்பு. கான் நகரத்துக்குப் பக்கத்தில் மத்தியூ என்ற கிராமத்தில் தாயார் வீட்டில் போய் உட்கார்ந்தார். அரசாங்க உத்தியோகஸ்தனுக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை. ஆனால் அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நேரம் கிடைத்தது. லென்ஸ் வாங்க வசதியில்லாததால் ஒரு துளி தேனை லென்ஸாக வைத்துக்கொண்டார். அளவெடுக்கும் கருவியை ஊர்ப் பூட்டுக்காரர் செய்து கொடுத்தார். மெல்லிய கம்பியின் நிழலில் ஏன் வெளிச்சக் கோடுகள் விழுகின்றன என்று அந்தத் தேன்துளி வழியாகவே அளந்தார்.

ஒளி என்பது அலை என்று இங்கிலாந்தில் தாமஸ் யங் என்பவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதைப் படிக்கும்படி வானியல் அறிஞர் அராகோ இவருக்கு யோசனையும் சொன்னார். ஆனால் ஃபிரெனெலுக்கு ஆங்கிலம் வராது! 'செர்த்திஃபிகா', 'ப்ரெவே' என்று பிரெஞ்சிலேயே படித்துவிட்டு, பிறகு ஆங்கிலக் கோப்புகளுக்கு நடுவே கொண்டுபோய் விடப்பட்ட எங்கள் தலைமுறைக்கு இதைக் கேட்டால் ஒரு ஆறுதல். அவர் எல்லாவற்றையும் தானே முதலிலிருந்து கண்டுபிடித்தார்.

வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதும் வேலை திரும்பக் கிடைத்தது. மறுபடியும் சாலை, மறுபடியும் விடுப்பு விண்ணப்பம். 1819-ல் பிரெஞ்சு அகாதெமியின் பரிசு அவருடைய அலைக் கட்டுரைக்குக் கிடைத்தது. அதில் ஒரு ருசியான சம்பவம் உண்டு. நடுவர்களில் ஒருவரான புவாசோனுக்கு அலைக் கொள்கை பிடிக்காது. "உம் கணக்குப்படி பார்த்தால் ஒரு வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவே வெளிச்சப் புள்ளி வர வேண்டுமே, இது நடக்கிற காரியமா?" என்ற அர்த்தத்தில் மடக்கினார். அராகோ செய்து பார்த்தார். நிழலின் நடுவே புள்ளி இருந்தது.

அதே 1819-ல்தான் அவரை லைட் ஹவுஸ் கமிஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து லைட் ஹவுஸில் எண்ணெய் விளக்குக்குப் பின்னால் பளபளப்பான உலோகத் தகடு வைத்திருப்பார்கள். தகடு ஒளியைத் திருப்பி அனுப்பும், ஆனால் கிட்டத்தட்ட பாதியைத் தானே விழுங்கிவிடும். விளக்கைப் பெரிதாக்கலாம், திரியைக் கூட்டலாம், எண்ணெயை ஊற்றலாம். எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. ஃபிரெனெல் கேள்வியை மாற்றிப் போட்டார். இருக்கிற வெளிச்சம் வானத்துக்கும் தரைக்கும் சிதறிப் போகிறதே, அதை வீணாக்காமல் கடலை நோக்கித் திருப்ப முடியுமா?

அதற்கு லென்ஸ் வேண்டும். விளக்கை மூடுகிற அளவுக்குப் பெரிய லென்ஸ் என்றால் நடுவில் கனம் அடிக்கணக்கில் போய்விடும். வார்க்கவும் முடியாது, தூக்கவும் முடியாது, அவ்வளவு கண்ணாடிக்குள் ஒளியும் மங்கிவிடும். ஆனால் ஒளியை வளைப்பது கண்ணாடியின் கனம் இல்லை, அதன் மேற்பரப்பின் சரிவு. உள்ளே இருக்கும் கனம் வெறும் சுமை. ஆகவே சரிவை மட்டும் வைத்துக்கொண்டு சுமையை வளையம் வளையமாக வெட்டி எடுத்துவிடலாம். பிரெஞ்சில் இதை 'லான்தீய் ஆ எஷ்லோன்' என்பார்கள், படி வைத்த லென்ஸ். (லான்தீய் என்றால் மைசூர் பருப்பு என்றும் அர்த்தம். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். சின்ன வயதில் இயற்பியல் வகுப்பில் பருப்பு எங்கே வந்தது என்று முழித்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.)

இந்த யோசனையை அவருக்கு முன்பே புஃபோன் என்ற இயற்கை அறிஞர் சொல்லியிருந்தார் என்பது கமிஷனில்தான் ஃபிரெனெலுக்குத் தெரிந்தது. ஒப்புக்கொண்டார். ஆனால் புஃபோன் நினைத்தது ஒரே கண்ணாடியைச் செதுக்குவது. ஃபிரெனெல் தனித்தனித் துண்டுகளாகச் செய்து சேர்த்து ஒட்டினார். அதனால்தான் அது காகிதத்தில் நிற்காமல் கோபுரம் ஏறியது. 1823 ஜூலை 25 அன்று, போர்தோ நகரத்துக்குக் கப்பல்கள் போகும் ஜிரோந்து ஆற்றின் முகத்துவாரத்தில், 1611-ல் கட்டி முடித்த கோர்துவான் கோபுரத்தின் உச்சியில் அந்த லென்ஸ் வெளிச்சம் போட்டது. எட்டுப் பலகைகள், நடுவே ஒரு விளக்கு, மொத்தமும் மெதுவாகச் சுற்றும்.

நான்கே வருடம்தான் அதன் பிறகு இருந்தார். காசநோய். இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி 1824-க்கு அறிவித்த ரம்ஃபோர்டு பதக்கத்தை, 1827-ல் படுக்கையில் கிடந்தவர் கையில் அராகோ கொண்டுவந்து கொடுத்தார். சில நாளில், ஜூலை 14 அன்று, இறந்துபோனார். வயது 39. நம் ஊரில் பிரெஞ்சு ஓய்வூதியக்காரர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போகும் அதே தேதி.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

ஒளியை இடத்தில் குவிப்பது லென்ஸ். அதைப்போல ஒளியைக் காலத்தில் சுருக்கவும் விரிக்கவும் முடியுமா என்பது இருபதாம் நூற்றாண்டின் கேள்வி. லேசர் வந்த பிறகு மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை உண்டாக்க முடிந்தது. டார்ச் லைட்டை அமுக்கி விடுவதுபோல, ஆனால் அமுக்கி விடும் நேரம் பிகோ விநாடிக் கணக்கில். ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோ விநாடி. அந்த நேரத்தில் ஒளி ஓடும் தூரம் 0.3 மில்லிமீட்டர்தான். ஒரு பிகோ விநாடித் துடிப்பு பறந்து போகும்போது அதைப் பிடித்து அளந்தால், தடித்த அட்டையின் கனம்கூடத் தேறாது. ஆயிரம் பிகோ விநாடி ஒரு நானோ விநாடி. அந்த நீளத் துடிப்பு பள்ளிக்கூட அடிக்கோல் அளவு, 30 சென்டிமீட்டர்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. துடிப்பு எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கு அதில் பல நிறங்கள் கலந்திருக்கும். நீண்டால்தான் நிறம் சுத்தமாகும். சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இது உடனே புரியும். தம்புரா நீண்டு ஒலிப்பதால் சுருதி துல்லியமாகத் தெரிகிறது. கதவில் ஒரு தட்டு தட்டினால் என்ன சுருதி என்று சொல்ல முடியுமா?

அந்தப் பல நிறத் துடிப்பைக் கண்ணாடிக்குள் அனுப்பினால் நிறத்துக்கு நிறம் வேகம் வேறு. சாதாரணக் கண்ணாடியில் சிவப்பு முந்தும், நீலம் பின்தங்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிற கூட்டம் மாதிரி. கோயில் வாசலில் எல்லாரும் ஒரே கும்பலாகக் கிளம்புவார்கள். பாதி வழி போவதற்குள் இளசுகள் முன்னால், எங்களைப் போன்றவர்கள் பின்னால் என்று தெரு நீளத்துக்கு இழுபட்டுவிடும். ஒளித் துடிப்பும் அப்படித்தான் இழுபடும். முன்னால் சிவப்பு, வால் பக்கம் நீலம்.

(உண்மையில் இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. புரிவதற்காகச் சிவப்பு, நீலம் என்கிறேன்.)

இந்த இழுபடுதலை வைத்துப் பெரிய காரியம் செய்தவர்கள் உண்டு. 1985-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் ஜெரார் மூரு என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய மாணவி டோனா ஸ்டிரிக்லேண்டும் குறுகிய துடிப்பை முதலில் நீளமாக இழுத்து, அந்த நிலையில் பலம் ஏற்றி, பிறகு மறுபடி சுருக்கினார்கள். நேரடியாகப் பலம் ஏற்றினால் கருவியின் கண்ணாடி பொசுங்கிவிடும், அதனால் இந்தச் சுற்றுவழி. 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கண் ஆஸ்பத்திரிகளில் விழிப்படலத்தைக் கத்தியில்லாமல் அறுக்கும் லேசர் இந்த முறையில் வந்ததுதான்.

ஆனால் மூரு செய்ததில் 'பலம் ஏற்றுவது' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அது ஒரே ஒரு ஃபோட்டானுக்குச் செல்லாது. ஒளியின் கடைசிச் சில்லறை ஃபோட்டான். அதற்குக் கீழே உடைக்க முடியாது. 1986-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர்சேயில் கிராஞ்சியே, ரோழே, ஆஸ்பே மூவரும் ஒற்றை ஃபோட்டானைப் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி மேல் விட்டுக் காட்டினார்கள். அந்தப் பக்கம் அகப்படும் அல்லது இந்தப் பக்கம் அகப்படும், இரண்டிலும் சேர்ந்து அகப்படாது. அந்த ஃபோட்டானில் ஒரு செய்தியை ஏற்றினால், அதை நகல் எடுக்கவும் முடியாது. 1982-லேயே கணிதமாக நிரூபித்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் மூன்று கார்பன் வைத்து ஒரே தட்டில் நான்கு பிரதி அடிப்போம். ஒன்று தொலைந்தால் இன்னொன்று. இங்கே மூலப்பிரதி ஒன்றுதான். வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

நகலெடுக்க முடியாதது என்பதே இதன் மதிப்பும். நடுவில் எவனாவது படித்துப் பார்க்க முயன்றால் செய்தி கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே ரகசியச் செய்திக்கும், குவாண்டம் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கும் ஃபோட்டானைத் தபால்காரனாக வைத்துக்கொள்ள உலகம் முழுக்க முயல்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அனுப்புகிற இடமும் வாங்குகிற இடமும் ஒத்துப்போவதில்லை. படிகங்களிலிருந்து ஃபோட்டான் உண்டாக்கும் வழக்கமான கருவி பிகோ விநாடி நீளத்தில், பல நிறம் கலந்ததாகக் கொடுக்கும். அதை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டிய அணுக்களோ ஒரே நிறத்தை, அதுவும் மயிரிழை பிசகாமல் வந்தால்தான் ஏற்கும். அவற்றுக்கு நானோ விநாடி நீளமாவது வேண்டும். ரேஷன் கடையில் பத்து ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை கேட்பதுபோல. வடிகட்டி வைத்து வேண்டிய நிறத்தை மட்டும் விடலாம்தான். ஆனால் நூறு மடங்கு வித்தியாசம் இருந்தால் நூறு ஃபோட்டானில் ஏறக்குறைய ஒன்றுதான் வடிகட்டியைத் தாண்டும். மிச்சம் 99 குப்பைக்கு. ஒன்றைக்கூட நகலெடுத்து ஈடுகட்ட முடியாத சரக்கில் இந்த நஷ்டம் தாங்காது.

கோர்துவான் உலோகத் தகட்டுக்கு வந்த அதே பிரச்சினை இது. வெளிச்சத்தைக் கூட்டவும் வழியில்லை, இழக்கவும் கூடாது. வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

காலத்துக்கும் லென்ஸ் செய்யலாம் என்ற யோசனை புதிதல்ல. ஒளிக்கற்றை போகப் போக அகலமாவதற்கும், துடிப்பு போகப் போக நீளமாவதற்கும் கணக்கு ஒன்றே என்று 1960-களின் கடைசியில் மாஸ்கோவில் அக்மானோவ் குழுவினர் எழுதினார்கள். 1989-ல் அமெரிக்காவில் கோல்னர், நசரத்தி இருவரும் 'கால லென்ஸ்' என்ற பெயரோடு முழுத் திட்டமாகவே வெளியிட்டார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? லித்தியம் நையோபேட் என்று ஒரு படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் அதற்குள் ஒளியின் வேகம் சற்று மாறும். துடிப்பு உள்ளே போகும்போது மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், பின்னால் வரும் ஒவ்வொரு அலையும் முந்தியதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாமதிக்கும். அலைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். இறக்கிக்கொண்டே வந்தால் அலைகள் நெருங்கும், நிறம் நீலப் பக்கம் நகரும். ரயில் நம்மைத் தாண்டிப் போனதும் அதன் ஊதல் சுருதி இறங்குகிறதே, அந்த ரகம்.

இப்போது இழுபட்ட நம் துடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சிவப்பு, பின்னால் நீலம். அது படிகத்துக்குள் நுழையும்போது மின்னழுத்தம் முதலில் இறங்குகிறது, சிவப்பு நீலப் பக்கம் தள்ளப்படுகிறது. நடுவில் ஒரு கணம் சமம். பிறகு ஏறுகிறது, நீலம் சிவப்புப் பக்கம் இழுக்கப்படுகிறது. வெளியே வரும்போது முன்னும் பின்னும் நடுவும் ஒரே நிறம்! துடிப்பு நீண்டதாகவே இருக்கிறது, நிறம் சுத்தமாகிவிட்டது. கதவுத் தட்டு தம்புரா ஆகிவிட்டது. எதையும் வடிகட்டி எறியவில்லை.

மின்னழுத்தத்தின் இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் போட்டால் ஒரு கிண்ணத்தின் குறுக்குவெட்டு மாதிரி இருக்கும். அதாவது லென்ஸின் வளைவு.

2013-ல் கனடாவில் வேறொரு வழியில் இதைச் செய்தார்கள். ஃபோட்டானில் சிவப்பு முன்னால் என்றால், நீலம் முன்னால் வரும் ஒரு பலத்த லேசர் துடிப்பை அதனோடு ஒரு படிகத்தில் சேர்த்தார்கள். முன்னும் பின்னும் கூட்டுத்தொகை ஒன்றாகிவிடும், நிறமும் ஒன்றாகிவிடும். அழகான யோசனை. ஆனால் வருகிற ஃபோட்டான்களில் ஒரு பகுதிதான் அப்படி மாறும். (அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் வாட்டர்லூ. ஃபிரெனெலுக்கு வேலை திரும்பக் கிடைத்ததை இங்கே ஒரு கணம் நினைத்துக்கொண்டேன்.) 2017-ல் மிகாவ் கார்பின்ஸ்கி என்ற போலந்துக்காரரும் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களும் மின்னழுத்தப் படிகத்தையே ஒற்றை ஃபோட்டானுக்கு வைத்துப் பார்த்தார்கள். நடந்தது. ஆனால் நிறப்பரப்பு சில மடங்குதான் சுருங்கியது. நூறு மடங்கு எங்கே, சில மடங்கு எங்கே.

ஏன் அதற்கு மேல் போகவில்லை? லென்ஸின் கனம்தான். துடிப்பை இன்னும் நீளமாக்க வேண்டுமானால் கிண்ணம் இன்னும் அகலமாக வேண்டும். அகலம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. அவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் தாங்காது, கொடுக்கும் கருவியும் இல்லை. கோர்துவான் உச்சிக்குத் தூக்க முடியாத கண்ணாடிக் கட்டி மறுபடி எதிரே வந்து நிற்கிறது.

வார்சா பல்கலைக்கழகத்தில் கார்பின்ஸ்கியும் ஃபிலிப் சோஷ்னிட்ஸ்கியும் மற்ற தோழர்களும் என்ன செய்தார்கள் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். வெட்டினார்கள். அலை ஒரு முழுச் சுற்று தாமதித்தால் தாமதிக்காத அலையோடு அச்சாகப் பொருந்திவிடும். கடிகார முள் ஒரு சுற்று சுற்றினாலும் ஒன்பது சுற்று சுற்றினாலும் பன்னிரண்டில்தான் வந்து நிற்கும், அதைப் போல. ஆகவே மின்னழுத்தம் ஒரு முழுச் சுற்றுக்குரிய அளவை எட்டியதும் சட்டென்று கீழே இறக்கிவிட்டு, சரிவை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏறு, இறங்கு, இன்னும் செங்குத்தாக ஏறு, இறங்கு. வரைந்தால் ரம்பப் பல் மாதிரி வரும். படி வைத்த லென்ஸேதான், கண்ணாடியில் இல்லாமல் காலத்தில் வெட்டியது. நிறத்தை நகர்த்துவது மின்னழுத்தத்தின் உயரம் இல்லை, அதன் சரிவு. ஃபிரெனெல் கண்ணாடியைப் பற்றிச் சொன்னதும் அதுவே.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். லைட் ஹவுஸ் லென்ஸில் படியின் உயரம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பில்லை. தச்சு வேலைக்குத் தோதாக வைத்துக்கொள்ளலாம். காலத்தில் வெட்டும்போது ஒவ்வொரு படியும் முழுச் சுற்றாகவே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அலை பிசகி எல்லாம் குழம்பிவிடும். சாலைப் பொறியாளருக்குக் கிடைத்த சலுகை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதற்கேற்ற வேகத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் மின்னணுக் கருவிகள் சமீபத்தில்தான் கிடைக்க ஆரம்பித்தன. யோசனை பழையதாக இருந்தும் இத்தனை வருடம் காத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

2023-ல் 'நேச்சர் ஃபோட்டானிக்ஸ்' இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. பிகோ விநாடி ஃபோட்டானை நானோ விநாடி அளவுக்குக் கொண்டுபோய், நிறப்பரப்பை நூறு மடங்கு அளவில் சுருக்கியிருக்கிறார்கள். முதலில் இழுப்பதற்குக் கண்ணாடி இழைச் சாதனம், பிறகு ரம்பப் பல் மின்னழுத்தம் கொடுத்த படிகம். வழியில் இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. படிகத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கொஞ்சம் ஃபோட்டான் போகத்தான் செய்கிறது. என்றாலும் வடிகட்டியை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். காலத்தில் வெட்டிய இந்த லென்ஸுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரில் ஃபிரெனெல் இருக்கிறார்.

இப்படி நீட்டிக் கொடுத்த ஃபோட்டானை வாங்கி வைத்துக்கொள்ளும் அணு நினைவகங்களோடு இதைக் கோத்து, ஊருக்கு ஊர் ஓடும் இழைகளில் அன்றாடம் வேலை செய்ய வைப்பது இனி ஆக வேண்டிய வேலை. கோர்துவானில் விளக்கு எரிந்ததும் மறுநாளே எல்லாக் கடற்கரையிலும் எரிந்துவிடவில்லை. ஃபிரெனெல் போன பிறகு அவர் தம்பி லெயோனோர்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்.

கடைசியாக ஒரு தகவல். கோர்துவான் கோபுரம் இன்னும் அலைக்கு நடுவே நிற்கிறது. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க பிரான்சுக்குப் போகிறவர்கள் போர்தோ பக்கம் போனால் எட்டிப் பார்க்கலாம். கோடைக்காலத்தில் ருவாயானிலிருந்து படகு உண்டு. மேலே ஏற 301 படிகள், முழங்காலைக் கேட்டுக்கொண்டு முடிவெடுக்கவும்.